பாதாளத்தில் கூலி யாருக்கு?

(வாசகசாலை ஒன்றில் வாலிபர்களிடையே செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம் உங்களில் பலருக்கு வேடிக்கையாகத் தோன்றக் கூடும். புரோகிதம், ஜாதி, பெண்ணடிமை ஆகியவைகளைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தவர்கள், இப்போது கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றிப் பேச வந்து விட்டார்களே, இவர்களுக்கு வேறு வேலை இல்லாமல் போய்விட்டதா என்று சிலர் நினைக்கலாம். நாமாக இதைத் தேடிப் போகவில்லை என்பதை முதலில் சொல்லி விடுகின்றோம். அது நம்மைத் தேடிக் கொண்டு வந்தது.

சென்ற மாதம் நமக்கு வேண்டிய நண்பர் ஒருவர் நம்மிடம் வந்தார். அவர் கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் நம்மிடம் அன்புள்ளவர். “என் பையன் பேய் பிசாசுகளை வளர்க்கிற விளையாட்டு ஒன்றை விளையாடுகிறான். இரவு ஒரு மணி ஆனாலும் எழுந்திருப்பதில்லை. ஏதோ பற்றிக் கொண்டு விட்டது என்று ஒருவரிடம் ரூ.1500 கொடுத்துத் தாயத்துக் கட்டியிருக்கிறேன். நீங்கள் சொன்னால் கேட்பான், நாலு வார்த்தை சொல்லுங்கள்” என்றார்.

சரி என்று போனோம். பையனைக் கேட்டோம். அவன் ஒளிக்காமல் எல்லாவற்றையும் காட்டினான். காட்டியதோடு நில்லாமல், “நீங்களே ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்” என்றான். ஒன்றைப் பரீட்சை செய்து பார்க்காமல் அபிப்பிராயம் சொல்லக் கூடாது என்று ஊருக்கு உபதேசம் செய்கிறவர்கள் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? ஆகவே இரண்டு வாரம் இரவு நேரத்தில் அவன் வீட்டுக்குப் போய், அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினோம். ஒரு நாள் நாமும் இரவு ஒரு மணி வரையில் எழுந்திருக்கவில்லை என்பதையும் ஒப்புக் கொள்ளத்தான் வேண்டும்.

அந்த விளையாட்டின் பெயர் டன்ஜன் கீப்பர் என்பதாகும். நிலவறையின் அதிபதி என்று அதற்குப் பொருள் சொல்லலாம். இது இங்கிலாந்து தேசத்தில் கில்ட்ஃபோர்டு என்ற ஊரில் இருந்த புல்ஃபிராக் என்னும் கம்பெனியார் செய்து 1997-ம் வருஷத்தில் வெளியானது. பீட்டர் மோலினோ என்பவரும் லெஸ் எட்கர் என்பவரும் 1987-ல் தொடங்கிய கம்பெனி அது. 1995-ல் அமெரிக்காவில் உள்ள எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய முதலாளிக் கம்பெனி அதை விலைக்கு வாங்கி விட்டது. இந்தச் சங்கதியை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விளையாட்டின் கதை இதுதான். இதற்கு முன்னெல்லாம் இவ்வகைக் கதைகளில் ஒரு வீரன் வாளெடுத்துக் கொண்டு பூமிக்கடியில் உள்ள குகைக்குள் நுழைவான். அங்கே வசிக்கும் கோர உருவங்களை வெட்டுவான். அவைகள் சேர்த்து வைத்திருக்கும் தங்கத்தை வாரிக் கொண்டு போவான். ஊரார் அவனைத் தர்மவான் என்று புகழுவார்கள். இந்த விளையாட்டில் நாம் அந்த வீரன் அல்ல. குகைக்குச் சொந்தக்காரன். நம் வீட்டுக்குள் திருட வருகிறவன்தான் வீரன். இருபது நாடுகள் இருக்கின்றன. அவைகளுக்கு ‘எவர்ஸ்மைல்’, அதாவது என்றும் புன்னகை, என்பது போல இனிப்பான பெயர்களை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாட்டின் அடியிலும் பாதாளத்தைத் தோண்டி, அறைகளைக் கட்டி, ஜந்துக்களைச் சேர்த்து, மேலேயிருந்து வருகிற பிரபுவையும் அவனுடைய ஆட்களையும் தோற்கடிக்க வேண்டும்.

தோழர்களே! இதைப் பார்த்தவுடன் நமக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. நம் நாட்டுப் புராணங்களைச் சற்று யோசித்துப் பாருங்கள். தேவர் என்கிறவர்கள் செய்கிற காரியத்திற்கும் அசுரர் என்கிறவர்கள் செய்கிற காரியத்திற்கும் என்ன வித்தியாசம்? இருவரும் சண்டை போடுகிறார்கள், இருவரும் ஏமாற்றுகிறார்கள். கதையை எழுதினவன் எந்தப் பக்கத்துக்காரனோ அந்தப் பக்கம் தேவராகி விடுகிறது, மற்றப் பக்கம் அசுரராகி விடுகிறது. இதை நாம் எவ்வளவோ காலமாகச் சொல்லி வருகின்றோம். மேடையில் சொன்னால் கல் வந்து விழுகிறது. ஆனால் ஒரு சிறு பையன் பத்து நிமிஷத்தில் இதைத் தன் கைவிரலால் தெரிந்து கொள்ளுகிறான். “இது என் வீடு; அவன் ஏன் இங்கே வருகிறான்?” என்று அவனுக்குக் கேட்கத் தோன்றி விடுகிறது. இது சாமானியமான படிப்பு என்று நாம் கருதவில்லை.

விளையாட்டின் வேலைத்திறனும் அருமையானது. தங்கத்தை வெட்டி எடுத்தால்தான் அறை கட்டலாம். அறை கட்டினால்தான் ஜந்துக்கள் வரும். அவைகளுக்குப் படுக்க இடம் வேண்டும், தின்னக் கோழி வேண்டும், சம்பள நாளில் சம்பளம் வேண்டும். நூலகம் கட்டினால் சூனியக்காரக் கிழவர்கள் வந்து படித்துப் புது வித்தை கண்டுபிடிக்கிறார்கள். பட்டறை கட்டினால் பூதங்கள் வந்து கதவும் பொறியும் செய்கின்றன. ஈக்கும் சிலந்திக்கும் பகை. சேர்த்துப் படுக்க வைத்தால் வம்பு. சம்பளம் கிடைக்காவிட்டால் கோபித்துக் கொண்டு வந்த வழியே போய் விடுகின்றன. கொம்பு முளைத்த ஒரு பெரிய ராட்சதன் உண்டு. அவனுக்குக் கோபம் வந்தால் நம் பக்கத்து ஆட்களையே வெட்டித் தள்ளுவான். ஒரு நிர்வாகத்தை நடத்துவதில் உள்ள கஷ்டம் முழுவதும் இதில் இருக்கிறது. இன்னும் ஒரு நல்ல வேலை என்னவென்றால், வேண்டியபோது எந்த ஜந்துவின் உடம்பிலும் புகுந்து கொண்டு, அதன் கண்ணால் நம் பாதாளத்தைப் பார்க்கலாம். மேலிருந்து பார்த்தபோது சிறு கட்டமாகத் தெரிந்த சந்து, ஒரு வண்டின் கண்ணுக்கு எவ்வளவு பெரிய இருட்டாகத் தெரிகிறது என்பதை அப்போதுதான் அறிகின்றோம். அதிகாரம் செய்கிறவர்கள் எல்லோருக்கும் மாதத்தில் ஒரு நாள் இம்மாதிரி ஒரு வசதி இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

ஹாஸ்யமும் உண்டு. ரிச்சர்ட் ரிடிங்ஸ் என்பவர் கனத்த குரலில் நமக்கு யோசனை சொல்லிக் கொண்டே வருகிறார். இதன் இரண்டாவது பாகத்தில், நள்ளிரவு தாண்டியும் எழுந்திருக்காமல் ஆடினால், “போய்ப் படுத்துக் கொள்” என்ற பொருளில் அந்தக் குரலே நமக்குச் சொல்லி விடுகிறது. நம் நண்பர் ரூ.1500 கொடுத்துக் கட்டிய தாயத்து செய்யாத உபகாரத்தை அந்தப் பிசாசு விளையாட்டே இலவசமாகச் செய்கிறது பார்த்தீர்களா?

நிற்க, இதில் பேய் இருக்கிறதா, பிடிக்குமா என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லி விடுகின்றோம். பொம்மையிலே உள்ள பேய் மனிதனைப் பிடிக்கும் என்றால், படத்திலே உள்ள சோறு பசியை ஆற்ற வேண்டும். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசுவது வீண் காலப்போக்கு.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகின்றோம். பாதாளத்திலே தோண்டுகிறவர்கள் யார்? குட்டிச்சாத்தான்கள். இங்கிலீஷில் இம்ப் என்கிறார்கள். மண்ணை வெட்டுவது அவைகள். தங்கத்தை எடுத்துக் கருவூலத்தில் கொண்டு போய்க் கொட்டுவது அவைகள். சுவரைப் பலப்படுத்துவது அவைகள். பட்டறையில் செய்த பொறிகளைச் சுமந்து போய் வைப்பது அவைகள். சண்டையில் விழுந்த எதிரியைச் சிறைக்கு இழுத்துப் போவதும், செத்த பிணத்தை இடுகாட்டுக்கு இழுத்துப் போவதும் அவைகளே. அவைகள் இல்லாவிட்டால் ஓர் அறை இல்லை, ஒரு காசு இல்லை.

அவைகளுக்குக் கூலி என்ன தெரியுமா? ஒன்றுமில்லை. சம்பள நாளில் சூனியக்காரன் வந்து வாங்கிக் கொள்ளுகிறான், பூதம் வந்து வாங்கிக் கொள்ளுகிறது, ஈயும் வண்டும் கூட வந்து வாங்கிக் கொள்ளுகின்றன. அந்தத் தங்கத்தை வெட்டிக் கொண்டு வந்து கொட்டின குட்டிச்சாத்தானுக்கு மாத்திரம் சம்பளம் இல்லை. படுக்கைக்கு இடம் இல்லை. தின்னக் கோழி இல்லை. மற்ற ஜந்துக்களுக்கெல்லாம் கோபம் வரும். இதற்குக் கோபமும் வராது. அப்படிப் படைத்து விட்டார்கள். வேலை மந்தமானால் அதிபதியின் கை வந்து ஓர் அறை கொடுக்கும். அறை வாங்கினவுடன் வேகமாக ஓடும். உடம்பில் உள்ள சக்தி குறையும். ஓயாமல் அறைந்தால் செத்தே போகும். செத்தால் என்ன? கொஞ்சம் தங்கம் செலவழித்து மந்திரத்தால் இன்னொன்றை உண்டாக்கிக் கொள்ளலாம்.

வெட்டுகிறவன், சுமக்கிறவன், பிணம் இழுக்கிறவன். இவனுக்குக் கூலி இல்லை, வீடு இல்லை, கோபம் இல்லை. தோழர்களே, இந்த ஆசாமியை நாம் இதற்கு முன் எங்கேயாவது பார்த்திருக்கிறோமா என்று கேட்கின்றோம்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. பாதாளத்தில் பெரும்பாலும் தொழில் பிறப்பைப் பொறுத்தது. சூனியக்காரன் படிக்கப் பிறந்தவன். பூதம் பட்டறைக்குப் பிறந்தது. குட்டிச்சாத்தான் தோண்டப் பிறந்தது. பயிற்சி சாலையில் விட்டால் குட்டிச்சாத்தானும் தேறத்தான் செய்கிறது. ஆனால் தேறி என்ன ஆகிறது? முன்னைவிட வேகமாகத் தோண்டுகிறது. நூலகத்திலே உட்கார்ந்து ஒரு நாளும் படிக்காது. மனுதர்மத்தைக் கண்ணால் பார்த்திராத இங்கிலீஷ்காரப் பிள்ளைகள் தாங்களாகவே எழுதி வைத்த தர்மம் இப்படி இருக்கிறதென்றால், மேலே உட்கார்ந்திருப்பவன் சௌகரியத்துக்கு ஒரு சட்டம் செய்தால் அது எந்தத் தேசத்திலும் இப்படித்தான் முடியும் என்று நமக்குத் தோன்றுகிறது.

அடுத்தபடியாகக் கோயில். ஆம், பாதாளத்திலும் கோயில் கட்டலாம். ஆஸ்திகத் தோழர்கள் இதை அவசியம் கேட்க வேண்டும். ஜந்துக்கள் குறைபட்டுக் கோபமாக இருக்கின்றனவா? அவைகளைத் தூக்கிக் கோயிலில் விட்டால் பிரார்த்தனை செய்யும். பிரார்த்தனை செய்யச் செய்யக் கோபம் தணிந்து போகும். குறை தீர்ந்ததா என்றால் இல்லை, கோபம்தான் தீர்ந்தது. அதிபதி கோயில் கட்டுவது பக்தியினால் அல்ல. அவனுக்கு அது ஒரு நிர்வாகச் செலவு, கதவுக்கும் பூட்டுக்கும் செலவழிப்பது போல. கோயில் எதற்காகக் கட்டப்படுகிறது என்பதைப் பற்றி நாம் எத்தனையோ மேடைகளில் தொண்டை வறளப் பேசியிருக்கின்றோம். இதைவிடச் சுருக்கமாக நம்மாலும் சொல்ல முடிந்ததில்லை.

பலியும் உண்டு. கோயில் குளத்தில் எதைப் போடுகிறோமோ அதற்குத் தக்க பலன். அதிலே ஒன்றைச் சொல்லுகின்றோம்: ஒரு குட்டிச்சாத்தானைப் பலி கொடுத்தால், அடுத்த குட்டிச்சாத்தானை உண்டாக்குகிற செலவு குறைகிறது! வேலைக்காரனை வெட்டிச் சாமிக்குப் போட்டால் வேலைக்காரன் விலை மலிகிறது. இதை எழுதினவன் சிரித்துக் கொண்டே எழுதினானா, சிந்தித்தே எழுதினானா என்பதை நாம் ஆராயப் போவதில்லை. எப்படியானாலும் உண்மையை எழுதி விட்டான்.

இந்தக் கம்பெனியார் 1989-லேயே பாப்புலஸ் என்று ஒரு விளையாட்டுச் செய்திருந்தார்கள். அதிலே ஆடுகிறவன்தான் கடவுள். அந்தக் கடவுளுக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது? நம்புகிற ஜனங்களிடமிருந்து. ஜனங்கள் பெருகினால் சக்தி பெருகும், ஜனங்கள் குறைந்தால் சக்தி குறையும். நம்புகிறவன் ஒருவனும் இல்லையென்றால் அந்தக் கடவுளால் ஒரு துரும்பையும் அசைக்க முடியாது. நாத்திகம் பேச வேண்டும் என்று அவர்கள் கிளம்பினவர்கள் அல்ல. கடவுளை ஒரு இயந்திரமாகச் செய்து பார்க்கப் புகுந்தார்கள். செய்து பார்த்தபோது கணக்கு அப்படித்தான் வந்தது.

இவ்வளவு சொன்னதனால் இந்த விளையாட்டில் குற்றமே இல்லை என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். முதலாவது, ஆட்டத்தைப் பற்றிய குறை. எதிரிகள் அறிவில்லாதவர்கள். கூட்டமாக வருகிறார்கள், கூட்டமாகச் சாகிறார்கள். நமக்கும் பெரிய யுக்தி ஒன்றும் தேவையில்லை. நம் ஜந்துக்களைக் கைநிறைய அள்ளிக் கொண்டு போய் எதிரியின் தலையில் கொட்டினால், சந்தைக் கூட்டம் போலக் கும்பலாக முட்டிக் கொண்டு ஒரு முடிவுக்கு வந்து விடும். யார் அடிக்கிறார், யார் படுகிறார் என்றே தெரிவதில்லை. ஒவ்வொரு நாட்டிலும் மறுபடியும் முதலிலிருந்து அதே கருவூலம், அதே கோழிக்கூடு, அதே படுக்கையறை. பத்தாவது நாட்டுக்குள் கை வேலை செய்கிறது, மூளை தூங்குகிறது.

இரண்டாவது, சித்திரவதை அறை. பிடிபட்ட வீரனைச் சிறையில் பட்டினி போட்டால் செத்து எலும்புக்கூடாக எழுந்து நமக்கு வேலை செய்வான். சித்திரவதை செய்தால் நம் பக்கம் சேர்ந்து விடுவான். ஐரோப்பாவில் மத விசாரணை என்ற பேரால் பாதிரிகள் உண்மையாகவே செய்த காரியம் இது; ஆகவே இதைக் காட்டுவதே பாவம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் இங்கே இது சிரிப்புக்காக வைக்கப்பட்டிருக்கிறது. பத்துத் தடவை சிரித்தபின் பதினோராவது தடவை அலறல் காதில் விழுவதில்லை. இரண்டாவது வாரத்தில் நமக்கே அப்படி ஆகிவிட்டது என்பதனால்தான் சொல்லுகின்றோம்.

மூன்றாவது, பெண். பாதாளத்தில் ஒரு பெண் ஜந்து இருக்கிறது. அவளுக்கு அரைகுறை உடை, கையில் சாட்டை, அடிபடுவதில் ஆனந்தம். மற்ற ஜந்துக்களை எல்லாம் தங்கள் புத்தியால் புதுமையாகச் செய்தவர்கள், பெண்ணை மாத்திரம் ஆண்பிள்ளைகளின் கெட்ட சொப்பனத்திலிருந்து எடுத்து வைத்து விட்டார்கள். எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டுகிறோம் என்று கிளம்பினவர்களுக்கு இதை மாத்திரம் புரட்டத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. தேவனைக் கீழே தள்ளி அசுரனை மேலே உட்கார வைத்தார்கள், அது சரி. ஆனால் நாற்காலியை அப்படியே வைத்து விட்டார்கள். மேலே பிரபு ஆண்டபோதும் தோண்டுகிறவன் தோண்டினான். கீழே அதிபதி ஆளும்போதும் தோண்டுகிறவன் தோண்டுகிறான். குட்டிச்சாத்தானுக்குச் சம்பளம் போடும் ஒரு பொத்தானை அந்த விளையாட்டில் நாம் தேடித் தேடிப் பார்த்தோம். இல்லை. நம் பையன் சிரித்தான். “அப்படி வைத்தால் ஆட்டம் நடக்காதே!” என்றான். அவன் சொன்னது உண்மைதான். பண்ணையார்களும் இதையேதான் சொன்னார்கள்.

1999-ல் இதன் இரண்டாவது பாகம் வந்தது. பார்வைக்கு அழகு கூடியிருந்தது. அதிலே சூதாட்ட அறை என்று புதிதாக ஒன்று வைத்தார்கள். சம்பளம் வாங்கின ஜந்துக்கள் அங்கே போய்ச் சூதாடும். அதிபதி விரும்பினால் அவைகளை மகிழ்ச்சியாக வைக்கும்படி அறையை நடத்தலாம்; விரும்பினால் அவைகளிடமிருந்து பணம் கறக்கும்படியும் நடத்தலாம். இடது கையால் கொடுத்த கூலியை வலது கையால் வாங்கிக் கொள்ளுகிற வித்தை. ஆடுகிறவனும் இதைப் பார்த்துச் சிரித்து, “பாவம், முட்டாள் ஜந்துக்கள்” என்று நினைத்திருப்பான். மூன்றாவது பாகம் செய்யத் தொடங்கினார்கள். 2000-த்தில் அதை நிறுத்தி விட்டார்கள். மோலினோ அதற்கு முன்பே, 1997-ல், கம்பெனியை விட்டுப் போய் வேறு கம்பெனி ஆரம்பித்திருந்தார்.

அதற்குப் பின் நடந்ததுதான் உங்கள் கவனத்துக்கு உரியது. 2014-ம் வருஷத் தொடக்கத்தில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனியார் இதே பெயரில், இதே குரலை வைத்து, கைப்போனில் ஆடும் விளையாட்டாக வெளியிட்டார்கள். விலை? ஒன்றுமில்லை, இலவசம் என்றார்கள். உள்ளே போனால் என்ன இருந்தது? பழைய விளையாட்டில் குட்டிச்சாத்தான் சில நொடியில் வெட்டித் தள்ளுகிற மண்கட்டிக்கு, இங்கே 4 மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. சில கட்டிகளுக்கு 24 மணி நேரம்! காத்திருக்க முடியாதா? மணிக்கற்கள் கொடுத்தால் உடனே வெட்டிவிடும். மணிக்கல் வேண்டுமா? கொஞ்சம் இலவசமாகக் கிடைக்கும். அது தீர்ந்தால் உண்மையான பணம் கொடுத்து வாங்க வேண்டும்.

பழைய விளையாட்டின் இரண்டாவது பாகம் நள்ளிரவில் “போய்ப் படு” என்று சொன்னது. புதிய விளையாட்டு “நான்கு மணி நேரம் கழித்து எழுந்து வா, அல்லது பையை அவிழ்” என்று சொல்லிற்று. பழையதில் கோயிலையும் சூதாட்ட அறையையும் நாம் ஜந்துக்களுக்காகக் கட்டினோம். புதியதில் அதே அறைகளை ஆடுகிறவனுக்காகக் கட்டி, அவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி விட்டார்கள். அவனுக்குக் கோபம் வராமல் பார்த்துக் கொள்ள அவ்வப்போது இரண்டு மணிக்கற்கள் பிரசாதமாக விழும். குட்டிச்சாத்தான் யார் என்று இப்போது கேளுங்கள்!

இன்னொரு யோக்கியப் பொறுப்பையும் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் ஆடுகிறவனிடம், “இந்த விளையாட்டுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பாய்?” என்று கேட்டார்கள். ஐந்து என்று தொட்டால் எல்லோரும் பார்க்கிற கடைப் பக்கத்துக்கு அழைத்துப் போகும். ஒன்றிலிருந்து நான்கு வரை என்று தொட்டால், கம்பெனிக்குத் தனியாகக் குறை எழுதி அனுப்பும்படி வேறு பக்கம் திருப்பி விடும். புகழ்ச்சி சந்தைக்கு, குறை அலமாரிக்கு. கோயில் வாசலில் வேண்டுதல் பலித்தவர்கள் கட்டிய தொட்டில்களை மட்டும் தொங்கவிடுகிறார்களே, பலிக்காதவர்கள் கட்டியது எங்கே என்று நாம் கேட்பதுண்டு. அதே கணக்குதான் இது.

மோலினோவே இதைப் பார்த்துவிட்டுப் பரிகசித்தார் என்று செய்தி வந்தது. ஒரு கட்டியை வெட்ட நாள் கணக்கில் காத்திருப்பது என்ன விளையாட்டு என்பது அவர் குறை. இங்கிலாந்தில் விளம்பரங்களைக் கண்காணிக்கும் சபை ஒன்று இருக்கிறது. ஒருவர் புகார் செய்ததன் பேரில் அந்தச் சபை விசாரித்து, 2014 ஜூலையில், இதை வெறுமனே ‘இலவசம்’ என்று விளம்பரம் செய்தது ஜனங்களைத் தவறான வழியில் கொண்டு போவதாகும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. காத்திருக்கும் நேரம் அவ்வளவு அதிகம், பணம் கொடுத்தால்தான் அது குறையும், ஆகவே இந்த நிபந்தனையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கட்டளையிட்டது. இதைச் செய்த மித்திக் என்ற கிளைக் கம்பெனியை, அந்தத் தீர்ப்பு வருவதற்கு முன்பே, அதே 2014 மே மாதத்தில் மூடி விட்டார்கள். தோண்டினவர்களுக்கு வேலை போயிற்று.

பழைய விளையாட்டின் மேல் ஆசையுள்ளவர்கள் சும்மா இருக்கவில்லை. கீப்பர் எஃப்எக்ஸ் என்ற ஏற்பாட்டின் மூலம் அதை இன்றைய இயந்திரங்களில் ஓடச் செய்து வைத்திருக்கிறார்கள்; நாம் ஆடியதும் அதிலேதான். வேறு சிலர் ஜனங்களிடம் சந்தா வசூலித்து, வார் ஃபார் தி ஓவர்வேர்ல்டு என்று இதே மாதிரி ஒரு விளையாட்டை 2015-ல் வெளியிட்டார்கள். முதலாளி கெடுத்ததை ஆடுகிறவர்கள் சேர்ந்து திருத்திக் கொண்டார்கள் என்பதை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது.

இப்போது நம் நண்பருடைய சங்கதிக்குத் திரும்புகின்றோம். இரண்டு வாரம் கழித்து அவரிடம் போய், “உங்கள் பையன் கம்ப்யூட்டரில் ஆடுகிற விளையாட்டில் பயப்பட ஒன்றும் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஆட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். அவன் கைப்போனை எப்போதாவது பார்த்ததுண்டா?” என்று கேட்டோம். பார்த்ததில்லை என்றார். “பாங்கிக் கணக்கைப் பாருங்கள்” என்றோம். பார்த்தார். வேறொரு கைப்போன் விளையாட்டில், பூக்களும் மிட்டாய்களுமாக, பேயும் இல்லாமல் பிசாசும் இல்லாமல், தெய்வீகமாக இருக்கிற ஒன்றில், மூன்று மாதத்தில் ரூ.6400 போயிருந்தது. ஐம்பதும் நூறுமாகப் போனதனால் அவர் கண்ணில் படவில்லை. கொம்பு முளைத்த பொம்மையைப் பார்த்துப் பயந்து தாயத்துக் கட்டினவர், மிட்டாய்ப் பொம்மையைப் பார்த்து, “இதையாவது ஆடட்டும்” என்று தாமே போனை வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

அவர் முதலில் பையனை அடிக்கப் போனார். நாம் தடுத்தோம். “அவனை ஏமாற்றினவன் படித்தவன், பெரியவன், சம்பளம் வாங்கிக் கொண்டு இதற்கென்றே உட்கார்ந்து யோசிக்கிறவன். அவனிடத்தில் நீங்கள் ஏமாந்திருந்தால் உங்களை யார் அடிப்பது? தாயத்துக்காரரிடம் நீங்கள் ஏமாந்தது ஒரே தடவையில் ரூ.1500 அல்லவா?” என்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பையனை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு, பணம் கேட்கிற அந்தப் பொத்தானை எப்படி அடைப்பது என்று அவனிடமே கேட்டுத் தெரிந்து கொண்டார். தாயத்தை அவர் கழற்றச் சொல்லவில்லை. பையனே கழற்றி, திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தான். மடித்த செப்புத் தகடு ஒன்று இருந்தது. அதில் எழுத்து ஒன்றும் இல்லை.

அந்தப் பையன் இன்று இந்தக் கூட்டத்தில்தான், பின்வரிசையில், உட்கார்ந்திருக்கிறான். தகப்பனாரும் வந்திருக்கிறார். விளையாட்டைப் பற்றி நுட்பமான கேள்விகள் இருந்தால் அவனையே கேளுங்கள். நம்மைவிட நன்றாகச் சொல்லுவான். கோயிலைப் பற்றிய கேள்விகளை நம்மிடம் கேளுங்கள்.